யாருக்கு எந்த உறுதிமொழி? – மருத்துவப் படிப்பும் 'சேவை' என்னும் சொல்லாடலும்

1

அக்கா மகள் செவிலியர் படிப்பில் சேர்ந்த முதல் வருஷம் அவர்கள் கல்லூரியின் விளக்கேற்றும் விழாவுக்குப் போயிருந்தேன். தென்மாவட்டத்தில் ஒரு தனியார் கல்லூரி. பெயர் வேண்டாம். எந்தக் கல்லூரிக்குப் போனாலும் காட்சி இதுதான். மேடையில் குத்துவிளக்கு, அதற்குப் பின்னால் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலின் படம், வெள்ளைச் சீருடையில் அறுபது எழுபது பிள்ளைகள். மின்விளக்குகளை அணைத்தார்கள். ஆளுக்கொரு மெழுகுவத்தி ஏற்றப்பட்டது. முதல்வரம்மா ஆங்கிலத்தில் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். சிறப்பு விருந்தினராக வந்திருந்த மருத்துவர், 'நீங்களெல்லாம் வெள்ளுடை தேவதைகள், சம்பளத்தை நினைக்காதீர்கள், சேவையை நினையுங்கள்' என்று பேசினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தகப்பனார் 'இவர பாக்கணும்னா டோக்கனுக்கே ஐநூறு ரூவா' என்று முணுமுணுத்தார். கைதட்டலில் அது அமுங்கிப்போனது.

அக்கா கடைசி வரிசையில் இருந்தாள். அவள் பல வருஷமாக ஓர் அரசு மருத்துவமனையில் ஒப்பந்தக்காரரிடம் கூலிக்குத் தூய்மைப் பணி செய்கிறவள். வார்டு கழுவுவது, பிரசவ அறைத் தரையில் கிடப்பதை வாருவது, படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களின் பெட்பேனைக் கழுவுவது. மகள் மெழுகுவத்தியோடு நின்றதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெளியே வந்து டீ குடிக்கையில் கேட்டாள்:

"ஏண்டா தம்பி, டாக்டருக்குப் படிக்கிறதுகளுக்கும் இந்த மாதிரி சத்தியம் உண்டு. நர்ஸுக்குப் படிக்கிறதுகளுக்கும் உண்டு. எங்கள மட்டும் ஒருத்தரும் ஒண்ணும் சொல்லச் சொல்லலியே? சத்தியம் பண்ணாமலே ஒழுங்கா இருப்போம்னு நம்பிக்கையா, இல்ல எங்க சத்தியத்துக்கு மதிப்புக் கெடையாதா?"

என்னிடம் பதில் இல்லை. இந்தக் குறிப்புகள் அந்தக் கேள்வியின் பின்னால் நடந்துபோனதில் கிடைத்தவை.

2

மருத்துவத் துறைக்குப் படிக்கிற மாணவர்களின் மதிப்பீடுகள் எவை என்று கேட்டால் உடனே உறுதிமொழிகளைத்தான் எடுத்து நீட்டுவார்கள். சரி, அவற்றையே பிரதிகளாக எடுத்து வாசிப்போம்.

ஹிப்போக்ரடீஸின் பெயரால் வழங்கும் பழைய கிரேக்க உறுதிமொழி நோயாளிக்குத் தீங்கு செய்யக் கூடாது, ரகசியம் காக்க வேண்டும் என்றெல்லாம் சொல்கிறது. ஆனால் அதற்கு முன்பாக அது சொல்வது வேறு. ஆசிரியரைப் பெற்றோருக்குச் சமமாக வைக்க வேண்டும், அவருடைய பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் கற்றுத்தர வேண்டும், உறுதிமொழிக்குக் கட்டுப்பட்டவர்களைத் தவிர வேறு யாருக்கும் கலையைச் சொல்லித்தரக் கூடாது. முதலில் குழுவின் எல்லைச்சுவர். நோயாளி அதற்கப்புறம்தான் வருகிறார்.

சரக சம்ஹிதையின் விமானஸ்தானப் பகுதியில் சீடனைச் சேர்த்துக்கொள்ளும்போது ஆசிரியர் சொல்லும் கட்டளைகள் வருகின்றன. நோயாளியின் நலனுக்காக அல்லும் பகலும் முயல வேண்டும், உன் உயிருக்கே ஆபத்து என்றாலும் அவரைக் கைவிடக் கூடாது என்பதும் அதில் உண்டு. இதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதே மூச்சில், அரசனால் வெறுக்கப்படுபவர்களுக்கும், அரசனை வெறுப்பவர்களுக்கும், கணவனோ காப்பாளனோ உடனில்லாத பெண்களுக்கும் வைத்தியம் பார்க்காதே என்பதும் உண்டு. அரசாங்கத்துக்கு ஆகாதவன் சாகலாம். ஆண்துணை இல்லாதவள் நோயோடு திரும்பலாம்.

மூன்றாவது நைட்டிங்கேல் உறுதிமொழி. இதை நைட்டிங்கேல் எழுதவில்லை. 1893-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையில் ஒரு குழு எழுதி, நைட்டிங்கேலின் பெயரைச் சூட்டியது. அன்றைக்கு மாணவியிடம் அது கேட்டவை இரண்டு விஷயங்களில் அடங்கிவிடும். தூய்மையாக வாழ வேண்டும். மருத்துவருக்கு விசுவாசமாகத் துணைநிற்க வேண்டும். மருத்துவரின் உறுதிமொழியில் செவிலியர் என்ற ஆளே கிடையாது. செவிலியரின் உறுதிமொழியில் மருத்துவர் எஜமானராக நிற்கிறார். ஆண் மருத்துவர்களிடம் 'தூய்மையாக வாழ்வாயா' என்று கேட்கிற வழக்கம் முன்பு இருந்தது, பின்னால் உதிர்ந்துபோயிற்று. பெண்களிடம் கேட்பது மட்டும் நிற்கவில்லை.

நைட்டிங்கேலுக்கே செய்த துரோகம் இன்னொன்று. கிரிமியப் போரில் போர்க்காயத்தைவிட அதிகமான சிப்பாய்களைக் கொன்றது தடுத்திருக்கக்கூடிய நோய்கள்தான் என்று 1858-இல் புள்ளிவிவர வரைபடங்கள் போட்டு, பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகத்தோடு மல்லுக்கு நின்ற பெண் அவர். இந்தக் கணக்குப் போட்டவளைத் தள்ளிவிட்டு, விளக்கோடு நடந்தவளை மட்டும் வைத்துக்கொண்டோம். விளக்குப் பிடிக்கிற பெண் யாருக்கும் தொந்தரவில்லாதவள். 'இந்த வார்டில் ஏன் இத்தனை பேர் செத்தார்கள்' என்று பட்டியல் கேட்கிற பெண் தொந்தரவு.

3

2022-இல் நடந்தது நினைவிருக்கும். ஹிப்போக்ரடீஸ் உறுதிமொழிக்குப் பதிலாக, சரகர் பெயரிலான உறுதிமொழியைத் திருத்திய வடிவில் தேசிய மருத்துவ ஆணையம் பரிந்துரைத்தது. ஏப்ரல் 30 அன்று மதுரை மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள் அதைச் சொன்னார்கள். பெரிய சர்ச்சை. முதல்வர் காத்திருப்போர் பட்டியலுக்கு மாற்றப்பட்டு, சில நாட்களில் மீண்டும் பணிக்கு வந்தார். சமஸ்கிருதமயமாக்கம் என்று ஒரு பக்கம், மேற்கத்திய அடிமைத்தனம் என்று மறுபக்கம். அந்த எதிர்ப்பு நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மருத்துவக் கல்விக்குள் வைதீகத்தை வேறு வழியாகக் கொண்டுவரும் முயற்சியை எதிர்க்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்தச் சண்டை முழுக்க 'எந்த உறுதிமொழி' என்பதிலேயே முடிந்துபோனது. அக்காவின் கேள்வி வேறு: 'யாருக்கு உறுதிமொழி?' கிரேக்கமா சமஸ்கிருதமா என்று அடித்துக்கொண்ட இரண்டு தரப்பும், உறுதிமொழி என்பது வெள்ளைக் கோட்டுக்குரியது என்பதில் ஒத்துப்போனார்கள்.

மருத்துவமனைக்குள் மதிப்பீடுகள் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். மருத்துவருக்கு 'அறிவு', 'திறமை', 'புனிதத் தொழில்'. செவிலியருக்கு 'தியாகம்', 'பொறுமை', 'கனிவு', 'கீழ்ப்படிதல்'. ஆய்வக நுட்புநர், எக்ஸ்ரே எடுப்பவர், மருந்தாளுநர் இவர்களுக்குப் பெரும்பாலும் 'துல்லியம்' மட்டும். வார்டு ஆயாவுக்கும் தூய்மைப் பணியாளருக்கும் ஒன்றுமில்லை. அவர்கள் மீது மதிப்பீடு இல்லை, மேற்பார்வைதான் உண்டு. உடலைத் தொடாமல் கட்டளையிடுபவர் மேலே, உடலைத் தொட்டு மருந்து கொடுப்பவர் நடுவில், உடல் கழித்ததைத் தொடுபவர் கீழே. இந்த ஏணியை நாம் வேறெங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றினால், அந்தத் தோற்றம் சரிதான்.

2006-ஐ நினைத்துப் பாருங்கள். மத்திய உயர்கல்வி நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சத இடஒதுக்கீடு வருகிறது என்றதும் டெல்லியில் மருத்துவ மாணவர்கள் போராடினார்கள். எப்படி? வெள்ளைக் கோட்டோடு தெருவைப் பெருக்கினார்கள், செருப்புக்குப் பாலிஷ் போட்டார்கள். 'இடஒதுக்கீடு வந்தால் எங்கள் கதி இதுதான்' என்று அர்த்தம். 1990-இல் மண்டலுக்கு எதிராகவும் இதே நாடகம் நடந்திருக்கிறது. உடலின் அழுக்கோடு வாழ்நாள் முழுக்கப் பழகப்போகிற ஒரு மாணவனுக்கு, துடைப்பத்தைக் கையில் எடுப்பது அவமானத்தின் உச்சமாகத் தெரிகிறது! அந்தத் துடைப்பத்தைப் பிடித்தவர்கள் எல்லாருக்கும் ஹிப்போக்ரடீஸ் தெரிந்திருக்கும். ஆனால் அவர்கள் கையை வழிநடத்திய மதிப்பீடு ஹிப்போக்ரடீஸிடமிருந்து வரவில்லை. அதே ஆண்டு எய்ம்ஸில் சாதிப் பாகுபாடு குறித்து விசாரிக்கப் பேராசிரியர் சுக்தேவ் தோரட் தலைமையில் குழு அமைக்கப்பட்டு, 2007-இல் தந்த அறிக்கை விடுதி, வகுப்பறை, தேர்வு எல்லாவற்றிலும் தலித், பழங்குடி மாணவர்கள் ஒதுக்கப்படுவதைப் பதிவு செய்தது.

'நம்ம ஊர்ல அப்படி இல்ல சார், இங்க 69 சதம் இருக்கு' என்பார்கள். இருக்கிறது. அதனால்தான் நம் மருத்துவக் கல்லூரிகளில் விவசாயக் கூலியின் மகளும், முடிதிருத்துபவரின் மகனும் படித்து வெளியே வந்தார்கள். 2017-இல் நீட் வந்து அந்த வழியை நெரித்தபோது அனிதாவைப் பறிகொடுத்தோம். 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சத உள்ஒதுக்கீடு வந்தது. இவை பெரிய விஷயங்கள். ஆனால் யார் உள்ளே போகிறார்கள் என்பதோடு நம் கேள்வி நின்றுவிடுகிறது. உள்ளே போன பிள்ளை என்னவாக மாற்றப்படுகிறது என்பதைக் கேட்பதில்லை.

4

நாலைந்து வருஷம் முன்பு அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஓர் அரசு மருத்துவமனையில் மூன்று வாரம் கூட இருந்தேன். இரண்டாம் வருஷ மாணவி ஒருத்தி நோட்டும் பேனாவுமாக வந்தாள். 'பாட்டி, எப்படி இருக்கீங்க? எங்க விழுந்தீங்க? வலி இப்ப எப்படி இருக்குதுங்க?' என்று முக்கால் மணி நேரம் கேட்டாள். அம்மா விழுந்த கதையோடு நிற்காமல் தன் கல்யாணக் கதை வரைக்கும் சொல்லிவிட்டாள். அந்தப் பிள்ளையும் எழுதிக்கொண்டது. மறுநாள் காலை ரவுண்ட்ஸுக்கு முன்னால் பயிற்சி மருத்துவர், அதாவது ஹவுஸ் சர்ஜன், வந்தான். அதே கல்லூரியில் படித்தவன்தான். 'ஏ கெழவி, கால ஆட்டாதன்னு எத்தன தடவ சொல்றது?'

ஒரே கல்லூரி. இடையில் மூன்று வருஷம். 'இருக்கீங்க' என்பதிலிருந்து 'ஆட்டாத' என்பதற்கு.

தமிழில் ஒரு வசதி உண்டு. அல்லது ஒரு வம்பு. நடுநிலையான முன்னிலை நமக்கு இல்லை. வாயைத் திறந்தால் நீயா நீங்களா என்று முடிவு செய்தாக வேண்டும். ஆங்கிலத்தில் உறுதிமொழி எடுக்கும்போது இந்தச் சிக்கல் வருவதில்லை. அங்கே 'பேஷன்ட்' என்பவர் வயதும் சாதியும் கிழிந்த சேலையும் இல்லாத ஒரு சூனியம். வார்டுக்கு வந்ததும் அந்தச் சூனியத்துக்கு உடம்பு முளைத்துவிடுகிறது. வினைமுற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. காசு கட்டுகிற மருத்துவமனையில் 'ஐயா, வாங்க, உக்காருங்க'. தர்மாஸ்பத்திரியில் 'ஏம்மா, இங்க வா, கைய நீட்டு'. அப்புறம் அந்த விளியும் போய் 'பன்னெண்டாம் பெட்டு', 'அந்த ஃபீமர் கேஸ்'.

அல்தூஸர் 1970-இல் எழுதிய கட்டுரையில், தெருவில் போலீஸ்காரர் 'ஏய்' என்று கூப்பிட, திரும்பிப் பார்க்கிற அந்தக் கணத்தில் மனிதர் கருத்தியலின் தன்னிலை ஆகிவிடுகிறார் என்று விளக்குவார். நம் வார்டில் இது நாள் முழுக்க நடக்கிறது. பேராசிரியர் 'சார்', அவர் இல்லாத இடத்திலும் 'சார் வராரு'. மாணவர் கழுத்தில் ஸ்டெத் ஏறிய நாளிலிருந்து 'டாக்டர்'. செவிலியர் 'சிஸ்டர்'. கன்னியாஸ்திரீகளிடமிருந்து வந்த பெயர். சம்பளம் கேட்காத ஒரு பெண்ணின் நிழல் அந்தச் சொல்லுக்குள் இன்னும் இருக்கிறது. ஐம்பத்தைந்து வயது தூய்மைப் பணியாளர் 'ஏ ஆயா', இருபது வயதுப் பிள்ளை வாயிலும். நோயாளி எண்ணாகிவிடுகிறார். இந்த விளிகளுக்குத் திரும்பிப் பார்த்துப் பார்த்து ஒவ்வொருவரும் அவரவர் இடத்தில் பொருந்துகிறார்கள். மாணவர் எடுக்கும் உண்மையான உறுதிமொழி இதுதான். இதை யாரும் மேடையில் வைத்துச் சொல்லித்தருவதில்லை. தினமும் ஆயிரம் தடவை சொல்லவைக்கிறார்கள்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. அமெரிக்காவின் கன்ஸாஸ் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களோடு இருந்து ஆராய்ந்த ஹாவர்ட் பெக்கரும் பிளாஞ்ச் கீரும் 1958-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மாணவர்கள் வரும்போது லட்சியத்தோடு வருகிறார்கள். பாடச்சுமையில் எதைப் படித்தால் தேறலாம் என்பதே கேள்வியாகிறது. லட்சியம் செத்துப்போகவில்லை, ஒத்திவைக்கப்படுகிறது, படிப்பு முடியும் நேரத்தில் வேறு வடிவில் திரும்புகிறது என்பது அவர்கள் முடிவு. முகம்மதுரேசா ஹோஜத்தும் சகாக்களும் ஃபிலடெல்ஃபியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் 20 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வைத்து அளந்து 2009-இல் வெளியிட்டார்கள். முதல் இரண்டு வருஷம் மாணவர்களின் பரிவு குறையவில்லை, மூன்றாம் வருஷம் சரிகிறது. மூன்றாம் வருஷம் என்பது அங்கே வார்டுக்குள் நுழையும் வருஷம். அதாவது நோயாளிகளைச் சந்திக்கத் தொடங்கும்போது பரிவு குறைகிறது! நமக்கு இருபது கேள்வி வேண்டாம். 'ங்க' எப்போது உதிர்கிறது என்று காது கொடுத்தால் போதும்.

பெக்கர் சொன்னபடி லட்சியம் திரும்பி வருகிறதா? வரலாம். யாருக்காக வருகிறது என்று பார்க்க வேண்டும். சொந்தமாகக் கிளினிக் போட்ட பிறகு 'ங்க' திரும்பி வருவதை நான் பார்த்திருக்கிறேன். கட்டணம் கொடுக்கிறவருக்கு.

இதைச் சொல்லி அந்த ஹவுஸ் சர்ஜனை வில்லனாக்கிவிட்டுப் போவது சுலபம். அன்றைக்கு ராத்திரி இரண்டு மணிக்கு வெந்நீர் வாங்கப் போனபோது அவன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். முந்தின நாள் காலையில் டியூட்டிக்கு வந்தவன், இன்னும் போகவில்லை. ரவுண்ட்ஸில் பேராசிரியர் எல்லார் முன்னாலும் கேஸ் ஷீட்டை அவன் முகத்தில் விட்டெறிந்ததை நாங்களும் பார்த்திருந்தோம். பன்னைக் கொடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: 'அண்ணே, காலைல பாட்டிய அப்படிப் பேசிட்டேன். ஃபர்ஸ்ட் இயர்ல நான் இப்படி இல்லண்ணே.' அவன் அப்பா லாரி ஓட்டுகிறார். ஊரில் முதல் டாக்டர் அவன்தான்.

மேலிருந்து எறியப்பட்ட அவமானம் அவன் வழியாக அம்மாவின் கட்டிலுக்கு வந்து சேர்ந்தது. அம்மா அதை ஆயாவிடம் எரிந்து விழுந்து தீர்த்துக்கொண்டாள். ஆயாவுக்குக் கீழே யாரும் இல்லை. அது அங்கே தங்கிவிட்டது.

5

இனி 'சேவை'. நம்மிடம் மூன்று சொற்கள் புழங்குகின்றன: சேவை, தொண்டு, ஊழியம். சேவிப்பது சாமியை அல்லது ராஜாவை. தொண்டர் ஆண்டவனுக்குத் தொண்டர். ஊழியம் கர்த்தருக்கு. மூன்று சொல்லிலும் ஓர் எஜமான் மேலே உட்கார்ந்திருக்கிறார். நோயாளி அந்த எஜமானைச் சென்று சேர்வதற்கான வழி. வழியாக இருப்பவர் கேள்வி கேட்க முடியுமா? 'உங்களுக்குச் சேவை செய்கிறேன், நீ என்னடா கணக்குக் கேட்கிறாய்' என்பதுதான் சேவையின் உள்குரல். தரப்படுவது தானமாக இருக்கும்வரை வாங்குகிறவர் உரிமை கொண்டாட முடியாது.

அந்தச் சொல் செய்கிற இன்னொரு வேலை, சம்பளத்தை மறைப்பது. தமிழ்நாட்டில் தேர்வு வாரியம் வழியாக 2015-இல் எடுக்கப்பட்ட செவிலியர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பர் இறுதியில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் வந்து உட்கார்ந்தபோது, 'நோயாளிகளைத் தவிக்கவிட்டு வரலாமா, இது சேவை இல்லையா' என்றுதான் கேட்டார்கள். விளக்கேற்றும் விழாவில் போட்ட விதை அங்கே முளைத்து நின்றது. 2020-இல் இதன் உச்சத்தைப் பார்த்தோம். மார்ச் 22 அன்று கைதட்டினோம். மே 3 அன்று ராணுவ ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள் மீது பூத்தூவின. அந்த இரண்டுக்கும் நடுவில், ஏப்ரலில், கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்கவிடாமல் சென்னையில் கல்லெறிந்தார்கள். தேவதை என்று தூக்கிவைப்பதும் சவத்தை விரட்டுவதும் ஒரே சமூகம், சில வார இடைவெளியில். தேவதைக்கு உடம்பு இருக்கிறது என்பது நமக்கு அப்போதுதான் தெரிந்தது, தெரிந்ததும் பயந்துவிட்டோம். அதே வருஷம் 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரைத் 'தூய்மைப் பணியாளர்' என்று அரசு மாற்றியது. அக்கா சொன்னாள்: 'பேரு நல்லாத்தான் இருக்கு. கையுறைதான் அதே கிழிஞ்ச கையுறை.'

மதிப்பீடுகள் சரிகின்றன என்பது மேலே இருப்பவர்களுக்கும் தெரியாமலில்லை. அதற்கு அவர்கள் கண்ட மருந்து பாடத்திட்டம். 2019-இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து எம்.பி.பி.எஸ். படிப்பில் அணுகுமுறை, அறம், தகவல் தொடர்பு ஆகியவை தனிப் பாடப்பகுதியாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. நல்ல நோக்கம்தான். அதில் உண்மையாக உழைக்கிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஆனால் பிற்பகல் வகுப்பில் 'நோயாளியை மதிப்பது எப்படி' என்று படித்துவிட்டு, மறுநாள் காலை ரவுண்ட்ஸில் கேஸ் ஷீட் பறப்பதைப் பார்க்கிற பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? முதலாவதை மார்க்குக்காக. இரண்டாவதைப் பிழைப்புக்காக.

அறத்தைப் பாடமாக்கும்போது, தவறு செய்யக்கூடியவர் மாணவர் என்றாகிவிடுகிறது. பேராசிரியரும், நிர்வாகமும், முப்பத்தாறு மணி நேர டியூட்டியும் தேர்வுத்தாளுக்கு வெளியே நிற்கின்றன. ஃபூக்கோ 1963-இல் எழுதிய 'மருத்துவமனையின் பிறப்பு' நூலில், நவீன மருத்துவப் பார்வை உருவானபோது ஏழையின் உடல் கற்பதற்கான காட்சிப்பொருளானதை விளக்குகிறார். பிரிட்டனில் 1832-இன் உடற்கூற்றியல் சட்டம், பணக்காரர்களை விட்டுவிட்டு, உரிமை கோர ஆளில்லாத ஏழைகளின் பிணங்களை மாணவர்களின் மேஜைக்கு அனுப்பியது. இன்றைக்கும் நம் மாணவர்கள் முதலாண்டில் பிணத்தின் முன் நின்று மரியாதை செலுத்தி உறுதிமொழி எடுக்கிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் மருத்துவக் கல்வியில் ஏழைக்கு முழு மரியாதை கிடைக்கிற ஒரே சந்தர்ப்பம் அவர் செத்த பிறகுதானா?

6

'அப்போ உறுதிமொழியே வேண்டாம்கிறீங்களா?' என்று இதை வாசித்த ஒரு மருத்துவ நண்பர் கேட்டார். அப்படிச் சொல்லவில்லை. உறுதிமொழிகள் மாறியிருக்கின்றன. நியூரம்பர்க்கில் இருபது மருத்துவர்கள் குற்றவாளிக் கூண்டில் நின்ற வழக்கு 1947-இல் முடிந்தது. அதற்கடுத்த ஆண்டு உலக மருத்துவச் சங்கம் ஜெனீவாப் பிரகடனத்தை வெளியிட்டது. 2017-இல் அதைத் திருத்தி, நோயாளி தானே முடிவெடுக்கும் உரிமையையும், மருத்துவர் தன் உடல்நலத்தைக் காத்துக்கொள்ள வேண்டியதையும், மாணவர்களை மதிக்க வேண்டியதையும் சேர்த்தார்கள். வார்த்தைகளை மாற்ற முடியும். மாற்றுவது பயனுள்ளதுதான்.

என் கேள்வி, யார் யாரிடம் உறுதி சொல்வது என்பது. இதுவரை எல்லா உறுதிமொழிகளும் மேல்நோக்கிச் சொல்லப்பட்டவை: கடவுளிடம், ஆசிரியரிடம், தொழிலின் மாண்பிடம். கீழே படுத்திருப்பவரைப் பார்த்து ஒருவரும் சொல்லவில்லை. சேவை என்பதற்கு மாற்றாக ஒரு மதிப்பீட்டைச் சொல்லச் சொன்னால் 'பதில் சொல்லுதல்' என்பேன். என்ன மருந்து, எதற்கு, ஏன் இன்றைக்கு ஆபரேஷன் இல்லை, யார் தவறு, எப்போது வீட்டுக்குப் போகலாம், இவற்றுக்கு நோயாளி கேட்பதற்கு முன்பாகவே, அவர் மொழியில், 'ங்க' போட்டுப் பதில் சொல்வது. பதில் சொல்கிற கடமை மேலிருந்து கீழாகவும் வர வேண்டும்: பேராசிரியர் மாணவருக்கு, மருத்துவர் செவிலியருக்கு, நிர்வாகம் ஒப்பந்தத் தொழிலாளிக்கு. இதற்குத் தியாகமும் தேவையில்லை, தேவதையும் தேவையில்லை. எட்டு மணி நேர வேலை, முறையான சம்பளம், கிழியாத கையுறை இவை தேவை.

அப்படியொரு உறுதிமொழி வருமானால், அதை அரங்கத்தில் மெழுகுவத்தி பிடித்துக்கொண்டு சொல்லக் கூடாது. வார்டில், தமிழில், நோயாளிகள் கேட்கும்படி, பேராசிரியரிலிருந்து தூய்மைப் பணியாளர் வரை ஒரே வரிசையில் நின்று சொல்ல வேண்டும். கற்பனைதான். ஆனால் முன்னோடி இல்லாமலில்லை. புனே பிளேக்கில் சாவித்திரிபாய் பூலேயும் மருத்துவரான அவர் வளர்ப்பு மகன் யஷ்வந்தும் ஊராரால் ஒதுக்கப்பட்டவர்களை எடுத்துவந்து வைத்தியம் பார்த்தார்கள். 1897-இல் அந்தப் பிளேக் தொற்றியே சாவித்திரிபாய் இறந்தார். அங்கே மருத்துவர் யார், ஆயா யார், நோயாளியைத் தூக்கியவர் யார் என்று பிரிக்க முடியாது. நம் செவிலியர் கல்லூரி மேடைகளில் அவர் படத்தை நான் பார்த்ததில்லை.

கடைசியாக நம்மைப் பற்றி. எழுதுகிறவர்களும் இயக்கக்காரர்களும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. கூட்டத்தில் பொதுச் சுகாதாரம் பேசிவிட்டு, நெஞ்சு வலித்தால் கார்ப்பரேட் மருத்துவமனைக்கு ஓடுகிறோம். நம் பிள்ளைக்கு நீட் கோச்சிங்குக்குக் கடன் வாங்குகிறோம், 'டாக்டராகிட்டா கௌரவம்' என்று நாம்தான் காதில் ஓதுகிறோம். அந்தப் பிள்ளையின் முதல் மதிப்பீடு கல்லூரியில் உருவாகவில்லை, நம் வீட்டுச் சமையலறையில், வேலைக்கு வருகிற அம்மாவை நாம் கூப்பிடுகிற விதத்தில் உருவானது. நோயாளியாகப் போகும்போது ஆயாவை 'ஏ' என்று கூப்பிடுகிறவர்களும் நாம்தான். என் அம்மாவே கூப்பிட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

போன மாதம் அக்கா மகள் பேசினாள். முதல்முறையாக வார்டில் போட்டிருக்கிறார்கள். அங்கே தூய்மைப் பணி செய்கிற அம்மாவை இவள் 'அக்கா' என்று கூப்பிட்டிருக்கிறாள். 'ஆயான்னு கூப்பிடு, அப்பத்தான் சொன்ன வேலை நடக்கும், ரொம்ப எடம் குடுக்காத' என்று மூத்த செவிலியர் திட்டியிருக்கிறார்.

"நீ என்ன பண்ணின?" என்றேன்.

"அவங்க இருக்கும்போது ஒண்ணும் கூப்பிடறதில்ல மாமா. கிட்டப் போய் நின்னு பேசிக்கிறேன். அவங்க இல்லாதப்ப அக்கான்னுதான் கூப்பிடறேன்."

"எத்தன நாளைக்கு இப்படி?"

"தெரியல மாமா" என்றாள். "இன்னும் மூணு வருஷம் இருக்குல்ல."